வாரக் கூட்டமும் சிறப்புச் சொற்பொழிவும்: பெரம்பூர் கற்பிக்கும் பாடம்

சங்கம் என்பது பதிவுப் பத்திரமும் பங்குத் தொகையும் மட்டுமன்று. அங்கத்தினர் அடிக்கடி ஓரிடத்திற் கூடி, ஒருவர் குறையை மற்றவர் கேட்டு, பொது நன்மைக்கு ஆவன செய்வதே சங்கத்தின் உயிராகும். ஆண்டுக்கு ஒருமுறை பொதுப் பேரவையில் வரவு செலவுக் கணக்கிற்குக் கையுயர்த்திவிட்டுக் கலைந்து செல்வதோடு கடமை தீர்ந்தது என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். அத்தகைய சங்கங்களில் கணக்குப் புத்தகம் வளரலாம், அங்கத்தினர் வளரார்.

இக்குறையைப் போக்குவதற்கு எளிய வழி வாரக் கூட்டமாகும். வாரக் கூட்டத்திற்கு இரண்டு உறுப்புகள் உண்டு. ஒன்று, அவ்வாரத்துச் செய்தி. மற்றொன்று, வெளியிலிருந்து அழைக்கப்பெற்ற ஒருவரின் சொற்பொழிவு. இவ்விரண்டும் எவ்வாறு இணைந்தால் பயன் விளையும் என்பதே இப்பாடத்தின் பொருள்.

வழக்கத்தின் வரலாறு

கூட்டுறவின் தாயகமாகிய ராச்டேல் நகரில், 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் 28 பேர் சேர்ந்து ஒரு சிறு கடையைத் திறந்தனர். அவர்களுள் நெசவாளரும் இருந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலிய சில பொருள்களே அன்று கடையில் இருந்தன. எனினும் சில ஆண்டுகளுக்குள் கடையோடு பத்திரிகை படிக்கும் அறையும் நூலகமும் தோன்றின. பின்னர், உபரியில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென ஒதுக்குவது என்று விதியும் செய்துகொண்டனர். அங்கத்தினர்க்குக் கல்வியும் செய்தியும் அளிப்பது இன்று உலகக் கூட்டுறவாளர் ஏற்றுள்ள ஏழு கொள்கைகளுள் ஐந்தாவதாகும்.

ஊழியச் சங்கங்களிலும் இவ்வழக்கம் உண்டு. 1905-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் சிக்காகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் மூன்று நண்பர்களுடன் கூடினார். அங்கத்தினர் ஒவ்வொருவருடைய தொழிலிடத்திலும் முறைவைத்துச் சுழன்று கூடியமையால் அச்சங்கம் ரோட்டரி எனப் பெயர் பெற்றது. வாரந்தோறும் கூடி உண்பதும், வாரச் செய்தித்தாள் வெளியிடுவதும், ஓர் அறிஞரை அழைத்துப் பேசச் செய்வதும் அதன் மரபாயின. சென்னை நகரில் ரோட்டரிச் சங்கம் 1929-இல் தோன்றியது. உலகெங்கும் இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்கும் பெரும்பணியை ரோட்டரி 1985-இல் மேற்கொண்டது. 2014-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இந்தியா அந்நோய் நீங்கிய நாடாகச் சான்று பெற்றது. அரசுகளும் மருத்துவர்களும் பிற அமைப்புகளும் சேர்ந்து ஆற்றிய அப்பணியில் இச்சங்கங்களின் பங்கு பெரிது.

ஆயினும் வாரச் சொற்பொழிவு ஏழை மக்களின் வாழ்வில் என்ன செய்ய வல்லது என்பதை அறிய நாம் சிக்காகோவுக்குச் செல்ல வேண்டுவதில்லை. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் வடசென்னைத் தொழிற்பகுதியை அடுத்துள்ள பெரம்பூரே அதற்குச் சான்று பகரும்.

பெரம்பூரில் நிகழ்ந்தது

பெரம்பூர்ப் பகுதியில் பக்கிங்காம், கர்நாடிக் என்னும் இரு பெரும் பஞ்சாலைகள் இருந்தன. பல்லாயிரம் தொழிலாளர் அங்கு நூற்பிலும் நெசவிலும் ஈடுபட்டிருந்தனர். 1911-ஆம் ஆண்டுச் சட்டப்படி பஞ்சாலையில் வயது வந்த ஆடவர் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்கப்படலாம். நண்பகல் உணவுக்கு அளிக்கப்பெற்ற ஓய்வு அரைமணி நேரமே. அதற்குள் ஆலையை விட்டு வெளியே வந்து, கைகழுவி, உண்டு, மீண்டும் வாயில் அடைபடுமுன் உள்ளே சேர வேண்டும்.

அப்பகுதியில் ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்றொரு சபை சமயச் சொற்பொழிவுகளை நடத்திவந்தது. வணிகர்களாகிய செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் அதன் பணியில் முன்னின்றனர். ஆலைத் தொழிலாளரும் அங்கு வந்து பக்தி நூற்பொருளைக் கேட்டனர். செட்டியாரின் துணிக்கடைக்கு வரும் தொழிலாளர் தங்கள் குறைகளையும் அவரிடம் கூறிவந்தனர். சபையில் அறவுரை; கடையில் குறையுரை. இவ்விரண்டும் நெடுநாள் தனித்தனியே இருந்தன.

அவற்றை ஒன்றுசேர்க்க வேண்டும் என்னும் எண்ணம் அவ்விருவர்க்கும் எழுந்தது. 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியராக இருந்த திரு. வி. கலியாணசுந்தரனார் அவர்களோடு தொடர்பு கொண்டார். அன்னி பெசண்ட் அம்மையாரின் 'நியூ இந்தியா' அலுவலகத்திற்குச் சென்று, அங்குப் பணியாற்றிய பி. பி. வாடியாவிடமும் தொழிலாளர் நிலையை அவ்விருவரும் எடுத்துரைத்தனர்.

வாடியா பம்பாயில் பிறந்த பார்சி வகுப்பினர். பிரம்மஞான சபையைச் சேர்ந்தவர். அவர் ஆலைத் தொழிலாளியும் அல்லர், தமிழரும் அல்லர். ஆங்கிலத்தில் அவர் பேசியதைத் தமிழில் பெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஆயினும் பேசுவதற்கு முன்னர் அவர் ஒரு காரியம் செய்தார். நண்பகலில் ஆலை வாயிலுக்குச் சென்று, தொழிலாளர் அரக்கப்பரக்க உண்டு ஓடும் காட்சியைத் தம் கண்ணாற் கண்டார். 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அவருடைய சொற்பொழிவுகள் தொடங்கின. அம்மாதம் 27-ஆம் நாள், சனிக்கிழமை, சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைக்கப்பெற்றது. வாடியா தலைவராகவும், திரு. வி. க. துணைத் தலைவர்களுள் ஒருவராகவும், செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் காரியதரிசிகளாகவும் பொறுப்பேற்றனர். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என வரலாற்றாசிரியர் பலர் இதனைக் குறிப்பர்.

அச்சங்கம் தொடக்கத்தில் எழுப்பிய கோரிக்கைகளுள் ஒன்று, நண்பகல் ஓய்வை அரைமணியிலிருந்து நாற்பது நிமிடமாக உயர்த்த வேண்டும் என்பது. பத்து நிமிடம்! கேட்பவர்க்கு இது சிறிதாகத் தோன்றலாம். நின்றபடி சோற்றை விழுங்கி ஓடிய தொழிலாளிக்கு அது பெரிதாகும். எட்டாத இலட்சியங்களைப் பேசாமல், எல்லோரும் நாள்தோறும் உணரும் ஒரு குறையைப் பற்றியமையாலேயே கூட்டம் சங்கமாகக் கெட்டிப்பட்டது.

பேச்சு எங்குச் சென்றது?

1919-இல் வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டில் இந்தியத் தொழிலாளர் பிரதிநிதியாக என். எம். ஜோஷி கலந்துகொண்டார், வாடியா அவருக்கு ஆலோசகராகச் சென்றார். இந்தியாவில் வாரத்திற்கு 60 மணி நேர வேலை என்னும் வரம்பு அங்கு வகுக்கப்பெற்றது. 1922-இல் நமது தொழிற்சாலைச் சட்டத்திலும் அது இடம்பெற்றது. பெரம்பூர்க் கூட்டம் ஒன்றே இதற்குக் காரணம் என்று கூறுவது மிகையாகும். ஆயினும் அக்கூட்டத்திற் கேட்ட குறைகளை அறிந்த ஒருவர் அந்த மன்றத்தில் இருந்தார் என்பது உண்மை.

வழி எளிதாக இருக்கவில்லை. 1920-21-இல் ஆலை நிர்வாகம் வாடியா முதலியோர் மீது வழக்குத் தொடுத்தது. சென்னை உயர்நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்தது. வாடியா சென்னைத் தொழிலாளர் இயக்கத்தினின்று விலக நேர்ந்தது. சங்கம் நடத்துவோர்க்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாத குறையை இவ்வழக்கு நாடறியச் செய்தது. 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் அப்பாதுகாப்பை அளித்தது.

அழைக்கப்பெற்றவர் சென்றுவிட்டார், சங்கம் நின்றது. காரணம் யாது? குறையை அறிந்தவர்களும், கூட்டத்தைக் கூட்டியவர்களும், காரியதரிசிப் பொறுப்பை ஏற்றவர்களும் அவ்விடத்து மக்களே. சொற்பொழிவாளர் விளக்கேற்றினார்; எண்ணெய் வார்த்தவர்கள் வேறு.

வராதவர் யார்?

பெரம்பூரின் பெருமையைக் கூறும்போது அதன் துயரத்தையும் கூறவேண்டும். 1921-இல் ஆலைகளில் வேலைநிறுத்தம் பல மாதங்கள் நீடித்தது. ஆதிதிராவிடத் தொழிலாளரிற் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். தொழிலாளரிடையே சாதி வழிப் பிளவு முற்றிப் புளியந்தோப்பில் கலகம் மூண்டது, குடிசைகள் எரிந்தன, உயிர்கள் மாய்ந்தன. வேலைநிறுத்தமும் தோல்வியில் முடிந்தது.

ஒரே தறிக்கூடத்தில் உழைத்தவர்கள் ஒரே சங்கத்தவராய் நில்லாமற் போனமைக்குக் காரணங்கள் பல. நாம் கொள்ள வேண்டிய பாடம் ஒன்று. கூட்டத்திற்கு வந்தவரை எண்ணுவது போதாது. வராதவர் யார், ஏன் வரவில்லை என்பதையும் ஒவ்வொரு வாரமும் எண்ண வேண்டும். நம் சங்கங்களில் பாவு ஓட்டும் பெண்டிரும், கூலிக்கு நெய்வோரும், குத்தகை நிலம் உழுவோரும் கூட்டத்தில் எங்கு அமர்கின்றனர்? அவர்கள் வாய்திறக்க இடமுண்டா? இவ்வினாவிற்கு விடைகாணாத சங்கம், சோதனை வரும் நாளில் இரண்டாகப் பிளக்கும்.

அவ்வாலைகள் 1996-இல் மூடப்பட்டுவிட்டன. சங்கம் நடத்தும் கலையைப் பற்றி அவை விட்டுச்சென்ற பாடம் மூடப்படவில்லை.

நம் சங்கத்தில் நடத்தும் முறை

1. செய்தி முதலில், சொற்பொழிவு பின்னர். கூட்டம் தொடங்கியதும் பத்து நிமிடம் வாரச் செய்தி படிக்க வேண்டும். நூல் இருப்பு, நூல் விலை, வந்த ஆர்டர், நெல் விலை, உர வரவு, தவணை நாள், நோயுற்ற அங்கத்தினர் யார், சென்ற வாரத் தீர்மானம் என்னவாயிற்று ஆகியவை அதில் அடங்கும். ஒரு தாளில் எழுதிச் சங்க வாயிலில் ஒட்டுவதும் நன்று. எழுதப் படிக்க அறியாதவர் ஒருவர் இருப்பினும் உரக்கப் படித்தல் வேண்டும்.

2. பொருளைத் தெரிந்தபின் ஆளைத் தெரிக. பெயர் பெற்றவரை அழைத்துவிட்டு அவர் விரும்பியதைப் பேசச் சொல்வது நம் வழக்கம். இதனை மாற்ற வேண்டும். சாயம் வெளுக்கிறது என்பது குறையானால் நெசவாளர் சேவை மையத்து வல்லுநரை அழைக்கலாம். பயிரில் புழு என்றால் வேளாண்மை அலுவலரை அழைக்கலாம்.

3. பேச்சாளர்க்கு முன்னரே மூன்று கேள்விகளை எழுதி அனுப்புக. இயலுமாயின் தறியையும் வயலையும் அவர் நேரிற் காணச் செய்க. வாடியா ஆலை வாயிலைக் கண்டபின் பேசியதை நினைவிற் கொள்க.

4. சொற்பொழிவுக்கு இருபத்தைந்து நிமிடம், கேள்விக்குப் பதினைந்து நிமிடம். மாலை அணிவித்தலும் புகழுரையும் ஐந்து நிமிடத்திற்குள் முடிதல் வேண்டும்.

5. கூறியதை எழுதி வைக்க. வாடியாவின் பெரம்பூர்ச் சொற்பொழிவுகள் 1921-இல் நூலாக வெளிவந்தன. ஆதலால் அவற்றை இன்றும் படிக்க முடிகிறது. எழுதாத பேச்சு காற்றோடு போம்.

6. ஒரு தீர்மானமேனும் செய்து, ஒருவர் பெயரைக் குறித்து, அடுத்த வாரம் அறிக்கை கேட்க வேண்டும்.

இம்முறைக்கு உயிர்காக்கும் பயனும் உண்டு. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் இரவு, எண்ணூரில் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் வரும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம் முதலிய பகுதி மக்கள் மூச்சுத் திணறி நள்ளிரவில் வீட்டைவிட்டு வெளியேறினர். பலர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். அம்மோனியா நீரில் எளிதிற் கரைவது. ஆதலால் நனைந்த துணியை மூக்கிலும் வாயிலும் கட்டிக்கொண்டு, புகை வரும் திசையிலேயே ஓடாமல், காற்றுக்குக் குறுக்கே விலகிச் செல்ல வேண்டும். கண் எரிந்தால் நிறைய நீர்விட்டுக் கழுவ வேண்டும். தொழிற்சாலை அருகிலுள்ள சங்கம் ஒவ்வொன்றும், தீயணைப்புத் துறையினர் ஒருவரை ஒரு வாரம் அழைத்து இதனைக் கேட்டிருந்தால், இருளில் எத்திசை செல்வது என்னும் தடுமாற்றம் குறையும். ஒருமணிக் கூட்டத்தின் விலை என்ன என்பதை இதனால் உணரலாம்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

(அங்கத்தினர் சிறு குழுக்களாக அமர்ந்து விவாதிப்பதற்கு உரியவை.)

1. சென்ற ஓராண்டில் நம் சங்கத்தில் பேசியவர் எத்தனை பேர்? அவருள் எவர் பேச்சினால் என்ன காரியம் நடந்தது?

2. பெரம்பூரில் 'பத்து நிமிடம்' போல, நம் அங்கத்தினர் எல்லோரும் உணரும் சிறு குறை யாது?

3. நம் கூட்டத்திற்கு ஒருபோதும் வராத அங்கத்தினர் யாவர்? கூட்டம் கூடும் நேரமும் இடமும் அவர்க்கு ஏற்றனவா?

4. காரியதரிசி ஊரில் இல்லாத வாரத்தில் கூட்டத்தை நடத்த வல்லவர் எத்தனை பேர்?

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பர். தேர் ஆண்டுக்கு ஒருமுறை ஓடும். சங்கமோ நாள்தோறும் ஓடவேண்டிய தேராகும். வடம் பிடிக்கும் கைகள் வாரந்தோறும் கூடினாலன்றி அது நிலையை விட்டு நகராது. இவ்விதழ் கைக்கு வந்த வாரத்திலேயே ஒரு நாளைக் குறித்து, முதற்கூட்டத்தின் செய்தித்தாளை எழுதத் தொடங்குவீர்களாக.