கோழிக்குஞ்சுகளின் முதல் வாரம்

நாட்டுக்கோழி 21 நாள் அடைகாத்துப் பொரித்த குஞ்சுகளிற் பல முதல் வாரத்திலேயே மடிவதைக் குடியானவர்கள் கைராசியின்மை என்று விட்டுவிடுகிறார்கள். பருந்து தூக்குவது கண்ணுக்குத் தெரிகிறது. குளிரும் ஈரமும் கொல்வது தெரிவதில்லை. புதுக்குஞ்சின் வயிற்றில் மஞ்சட்கரு எஞ்சியிருப்பதால் ஒரு நாள் இரையின்றித் தாங்கும். குளிரையோ அவ்வளவு நேரம் தாங்காது. தாயின் சிறகே அதற்குப் போர்வையாகையால், ஒரு கோழிக்கு 12 முட்டைகளுக்கு மேல் வைத்தலாகாது. கூடையில் உமி பரப்பி, நனைந்தவுடன் மாற்றவேண்டும்.

தாயற்ற குஞ்சுகளுக்கு முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் விளக்குச்சூடு தேவை. உஷ்ணமானி இல்லாவிடினும் குஞ்சுகளே அளவைக் காட்டும்: நெருங்கிக் குவிந்து கீச்சிட்டாற் சூடு குறைவு, விளக்கைவிட்டு விலகி வாய் பிளந்தால் அதிகம். பின்புறத்தில் வெண்மலம் ஒட்டிச் சோர்ந்த குஞ்சை உடனே பிரித்துவிடுக. இந்நோய் முட்டை வழியாகவும் வருவதுண்டு. ஆகவே அம்முட்டையிட்ட பெட்டையின் முட்டைகளை மறுமுறை அடைக்கு வையாதிருத்தல் நலம்.