சேமநிதிக்கு நீங்களே காவல்

பட்டர்வொர்த் மாக் மண்டின் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் நம் ஆட்களிடம் சேமநிதியைப் பற்றிப் பேச்செடுத்தால், அரசாங்கத்தை நம்பி எப்படி விடுவது, 55 ஆனதும் மொத்தத்தையும் எடுத்துவிட வேண்டும் என்பார்கள். அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. 1982இல் ம.இ.கா. தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸில் நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கிய குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. ஏறக்குறைய 66,000 பேர் போட்ட பத்து கோடி வெள்ளிக்கு மேற்பட்ட பணம் ஆண்டுக்கணக்கில் முடங்கியது. 2010இல் ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு விலை வந்தது. அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியிலிருந்து எஸ்ஆர்சி நிறுவனத்துக்கு 400 கோடி வெள்ளி கடன் போன கதையும் ஊரறிந்தது.

ஆனாலும் ஊழியர் சேமநிதியில் இருப்பது உங்கள் பெயரில் தனிக் கணக்கு. விதிகளை அரசு மாற்றலாம். 2024 மே 11இல் கணக்கை மூன்றாகப் பிரித்ததைப் பார்த்தோம். விதி மாறும்போது விழித்திருப்பவருக்குத்தான் இழப்பு குறைவு. அதனால் கீழே சொல்வதை வரிசையாகச் செய்யுங்கள்.

முதலில் கைப்பேசியில் சேமநிதியின் ஐ-அக்காவுன் செயலியைத் திறந்து, சம்பளச் சீட்டைப் பக்கத்தில் வையுங்கள். 60 வயதுக்குட்பட்ட மலேசியர் என்றால் உங்கள் பங்கு 11 விழுக்காடு. மாதச் சம்பளம் 5,000 வெள்ளி வரை என்றால் முதலாளியின் பங்கு 13. ஆக 3,000 வெள்ளி சம்பளத்துக்கு 330ம் 390ம் சேர்ந்து 720 வெள்ளி ஏறியிருக்க வேண்டும். அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் முதலாளி கட்டியாக வேண்டும். நம் பணம் தொலைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். காவல் வேலை, துப்புரவு, குத்தகை ஆட்கள் என்று இருப்பவர்களுக்குச் சம்பளத்தில் பிடித்திருப்பார்கள், கணக்கில் ஏறியிருக்காது. கோலாலம்பூரில் யார் ஆட்சி என்பதை விட இது உங்கள் முதுமையை அதிகம் பாதிக்கும். சீட்டுகளைப் பத்திரப்படுத்தி, செபராங் ஜெயா சேமநிதி அலுவலகத்தில் புகார் கொடுங்கள். பிடித்த பணத்தைக் கட்டாத முதலாளிக்கு ஆறு ஆண்டு வரை சிறை உண்டு. சீட்டே தராத முதலாளி என்றால் வங்கியில் சம்பளம் ஏறிய பதிவைக் காட்டுங்கள்.

அடுத்தது வாரிசு நியமனம். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரை எழுதியிருந்தால் அது தானாக மனைவி பெயருக்கு மாறாது. பெயரே எழுதாதவரின் குடும்பம், துக்கத்தோடு பத்திரங்களுக்கும் சேர்த்து அலைய வேண்டியிருக்கும்.

மூன்றாவது, பிரித்த மூன்று கணக்குகளில் ஒன்றான அக்காவுன் பிளெக்சிபல். மாதச் சந்தாவில் 10 விழுக்காடு இதில் விழுகிறது. 50 வெள்ளியிலிருந்து எப்போதும் எடுக்கலாம். எடுக்க முடிகிறது என்பதற்காக எடுக்காதீர்கள். 2022இல் சிறப்பு அனுமதியில் 10,000 வெள்ளி எடுத்தவர்கள் ஏராளம். சோற்றுக்கு வழியின்றி எடுத்தவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பத்தாயிரம் ஆண்டுக்கு 5.5 விழுக்காடு ஈவில் 20 ஆண்டு கிடந்தால் 29,000 வெள்ளி ஆகும். 2023க்கான ஈவு 5.5, 2024க்கு 6.3.

லோரி ஓட்டுபவர், சாப்பாட்டுக்கடை போட்டிருப்பவர், வீட்டில் பலகாரம் செய்து விற்கும் அக்காமார்களுக்கு முதலாளி இல்லை. இவர்கள் சேமநிதியின் ஐ-சாரான் திட்டத்தில் பதியலாம். ஆண்டுக்கு 2,500 வெள்ளி போட்டால் அரசு 500 வெள்ளி சேர்க்கிறது. ஆயுளுக்கு 5,000 வரை. நம்பிக்கை இல்லாத அரசாங்கமானாலும் அது தரும் காசை விடுவானேன்?

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க மனம் வரவில்லையா? சரியான எண்ணம்தான். ஆறு மாதச் செலவுக்கான தொகையை வங்கி வைப்புத்தொகையில் போடுங்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை வைப்புக் காப்புறுதி இருக்கிறது. தங்கம் வாங்குவதானால் கூலி, சேதாரம் குறைந்த காசாக வாங்குங்கள். தெரிந்தவர் நடத்தும் கூட்டு வேண்டாம். 1971ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. நடத்துபவர் ஓடிவிட்டால் போட்ட பணம் திரும்புவது கடினம். மாதம் பத்து விழுக்காடு தருகிறேன் என்று புலனத்தில் வரும் ஆட்களை, செக்யூரிட்டிஸ் கமிஷனின் எச்சரிக்கைப் பட்டியலில் தேடிப் பாருங்கள். பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் அவ்வளவு வட்டியை எவராலும் நேர்மையாகத் தர முடியாது.

கடைசியாக, 55 வயது. மொத்தமாக எடுத்தே ஆக வேண்டும் என்ற விதி கிடையாது. வேண்டிய அளவு மட்டும் எடுக்கலாம், மாதாமாதம் வரும்படி வைக்கலாம். மீதிக்கு 100 வயது வரை ஈவு ஏறிக்கொண்டிருக்கும். மொத்தப் பணமும் வீட்டுக்கு வந்தால் மகனின் கார் முன்பணம், மகளின் கல்யாணம், மச்சானின் வியாபாரம் என்று கரையும்.

இந்த வாரம் உங்கள் அப்பா அம்மாவை உட்கார வைத்து, அவர்கள் கணக்கில் வாரிசு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடையாள அட்டையோடு நீங்களே அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள்.