தலாக்கைப் பேசும் நாம் மதாஉவைப் பேசுகிறோமா?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



பத்திரிகையில் தலாக் வழக்கொன்று வந்துவிட்டால் நம் வீடுகளில் அன்றைய பேச்சு அதுவாகவே இருக்கிறது. "ஷரீஅத்தில் கை வைக்கிறார்கள்" என்று ஒருவர் கொதிப்பார். "நம்மவர்கள் செய்வது மட்டும் சரியா?" என்று இன்னொருவர் கேட்பார். குரல் உயரும், தேநீர் ஆறும், பேச்சு முடிந்துவிடும். வழக்குத் தொடுத்த அந்தப் பெண்மணி இன்றிரவு எங்கே படுப்பாள், எதை உண்பாள் என்று எவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை முன்வைத்தே இம்மாதப் பாடத்தை எழுதுகின்றோம்.

செய்தி வந்தால் முதற்கடமை

செய்தி ஒன்று வந்தால் அதனைத் தீர விசாரியுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்தாதீர்கள் என்னும் கருத்தைத் திருமறையின் 49ஆவது அத்தியாயத்து 6ஆம் வசனம் போதிக்கின்றது. நீதிக்குச் சாட்சி சொல்லும்போது அது நமக்கோ, நம் பெற்றோருக்கோ, உறவினருக்கோ பாதகமானாலும் பின்வாங்கலாகாது என்று 4:135 கட்டளையிடுகின்றது. ஆகவே சர்ச்சைக்குரிய விஷயத்தில் அபிப்பிராயம் சொல்ல விரும்பும் முஸ்லிமுக்கு இரண்டு கடமைகள் உண்டு. ஒன்று, நடந்ததை அறிந்துகொள்வது. மற்றொன்று, தன் பக்கத்துத் தவற்றையும் மறைக்காமல் சொல்வது.

1985ல் நடந்தது என்ன?

ஷா பானு வழக்கைக் கேள்விப்படாதவர் நம்மில் குறைவு. விவரம் அறிந்தவரோ அதைவிடக் குறைவு. இந்தூர் நகரைச் சேர்ந்த அப்பெண்மணிக்கு 1932ல் திருமணம் நடந்தது. கணவர் வழக்கறிஞர். ஐந்து மக்கள் பிறந்தனர். 43 ஆண்டுகள் வாழ்ந்த பின்னர் 1975ல் அவர் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். 1978 ஏப்ரலில், மாதம் 500 ரூபாய் ஜீவனாம்சம் கோரிக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125ஆம் பிரிவின்படி மனுச் செய்தார். அவ்வாண்டு நவம்பரில் கணவர் தலாக் கூறினார். மஹர் தொகை 3000 ரூபாயைக் கட்டிவிட்டதாகவும், இத்தாக் காலம் கடந்தபின் தமக்குக் கடமை ஏதுமில்லையென்றும் வாதிட்டார்.

1979ல் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் விதித்த ஜீவனாம்சம் மாதம் 25 ரூபாய்! 1980ல் உயர்நீதிமன்றம் அதனை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. அதையும் எதிர்த்தே கணவர் உச்சநீதிமன்றம் சென்றார். 1985 ஏப்ரல் 23ல் ஐந்து நீதிபதிகள் அடங்கிய பெஞ்சு அவருடைய அப்பீலைத் தள்ளுபடி செய்தது. அத்துடன் நில்லாது, திருமறை வசனங்களுக்கு நீதிமன்றமே பொருள் சொன்னதும், பொது சிவில் சட்டத்தின் தேவையைத் தீர்ப்பில் எடுத்துரைத்ததும் சமுதாயத்தைக் கொந்தளிக்கச் செய்தன. ஊர்தோறும் கூட்டங்கள் நடந்தன. அக்கொந்தளிப்பின் நடுவே, தமக்குச் சாதகமான தீர்ப்பைத் தாமே துறப்பதாக அம்மூதாட்டி 1985 நவம்பரில் பகிரங்கக் கடிதம் விடுத்தார். 1986 மே மாதத்தில் முஸ்லிம் பெண்கள் (விவாகரத்து உரிமைப் பாதுகாப்பு) சட்டம் வந்தது.

அதன் பிறகு

"நம் சட்டம் காப்பாற்றப்பட்டது" என்று அன்று மகிழ்ந்தோம். ஆனால் அச்சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்வதைப் படித்தவர் எத்தனை பேர்? நியாயமான, நேர்மையான ஏற்பாட்டையும் ஜீவனாம்சத்தையும் இத்தாக் காலத்துக்குள் முன்னாள் கணவன் செய்து தரவேண்டும், மஹரைத் தரவேண்டும், திருமணத்தின்போதும் அதற்கு முன்னும் பின்னும் அவளுக்கு அளிக்கப்பட்ட பொருள்களைத் திருப்பித் தரவேண்டும் என்பதே அது. அந்த ஏற்பாடு இத்தாவுக்குள் செய்யப்பட வேண்டியது, ஆயினும் அவளுடைய வருங்காலத்துக்கும் போதுமானதாக இருக்கவேண்டும் என்று 2001ல் உச்சநீதிமன்றம் விளக்கம் தந்தது.

அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, வாழ வழியற்றவளை உறவினர் தாங்கவேண்டும், அவர்களுக்கும் இயலாவிடில் மாநில வக்ஃபு வாரியம் தாங்கவேண்டும் என்கிறது. உறவினர் ஒவ்வொருவர் மீதும் தனித்தனியே வழக்காடி அலைந்த பிறகே வாரியத்திடம் வரவேண்டும் என்பதில்லை என்று, நமது தமிழ்நாட்டு வக்ஃபு வாரியம் சம்பந்தப்பட்ட வழக்கிலேயே 1996ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2024 ஜூலை 10ல், 1986ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதால் பொதுச் சட்டத்தின் வழி அடைபட்டுவிடவில்லை, முஸ்லிம் பெண் அவ்வழியிலும் ஜீவனாம்சம் கோரலாம் என்று உச்சநீதிமன்றம் கூறிற்று. மீண்டும் பழைய விவாதம் எழுந்தது.

திருமறை சொல்லும் மதாஉ

இனி நம் வீட்டுக்குள் வருவோம். தலாக் கூறப்பட்ட பெண்களுக்கு முறைப்படி வாழ்க்கைப் பொருள் உண்டு, அது பயபக்தியுடையோர் மீது கடமை என்னும் கருத்தை அல்லாஹு தஆலா 2:241ல் அருளியிருக்கின்றான். அரபியில் இதற்கு 'மதாஉ' என்று பெயர். வசதியுள்ளவன் தன் வசதிக்கேற்பவும், ஏழை தன் சக்திக்கேற்பவும் கொடுக்க வேண்டும் என்பது 2:236ன் கருத்து. இத்தாவிலிருக்கும் மனைவியை வீட்டைவிட்டு வெளியேற்றலாகாது என்று 65:1 தடுக்கின்றது. ஒரு பொற்குவியலையே கொடுத்திருந்தாலும் அதில் எதையும் திரும்பப் பறிக்காதீர்கள் என்று 4:20 எச்சரிக்கின்றது.

மதாஉ பற்றி இமாம்களின் தீர்ப்பு என்ன? நம் கடலோர ஊர்களில் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபும், உள்நாட்டு ஊர்களில் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபும் பின்பற்றப்படுகின்றன. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொல்லின்படி, கூடி வாழ்ந்தபின் தலாக் கூறப்பட்ட பெண்ணுக்கு மஹர் போக மதாஉ கொடுப்பது வாஜிபு. முப்பது திர்ஹத்துக்குக் குறையாதிருப்பது சுன்னத்து. இருவருக்கும் தொகையில் கருத்து வேறுபட்டால், இருவருடைய நிலையையும் கவனித்து காஜி நிர்ணயிக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில், மஹர் நிர்ணயிக்கப்படாமலும் கூடி வாழாமலும் தலாக் கூறப்பட்டவளுக்கு அது வாஜிபு. கூடி வாழ்ந்தவளுக்கு முஸ்தஹப்பு. அதேசமயம், இத்தாவிலிருக்கும் தலாக் பெற்றவளுக்கு இருப்பிடத்தோடு உணவுச் செலவும் உண்டு என்பதில் ஹனஃபி மத்ஹபு உறுதியாக நிற்கின்றது.

இதில் நமது அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கின்றோம். மணவுறவு முறிந்து இத்தாவும் முடிந்தபின், மனைவிக்குரிய மாதாந்தர நஃபகா முன்னாள் கணவன் மீது ஆயுள் முழுதும் தொடரும் என்று ஃபிக்ஹு நூல்கள் சொல்லவில்லை. ஆதலால் உலமாக்கள் 1985ல் ஆட்சேபித்ததைத் தவறென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் ஆட்சேபித்த நாம் பாதியைத்தான் சொன்னோம். "இத்தாவுக்குப் பின் நஃபகா இல்லை" என்று மேடையில் முழங்கியவர்கள், "இத்தா முடியுமுன் மதாஉ கொடு, வசதிக்கேற்பக் கொடு, அவள் தலைநிமிர்ந்து போகும்படி கொடு" என்று அதே மேடையில் முழங்கினார்களா? நீதிமன்றம் கேட்ட "நியாயமான ஏற்பாட்டை" நம் ஜமாஅத்துகள் மதாஉவின் பெயரால் முன்னரே செய்துவந்திருந்தால், எந்தப் பெண் கோர்ட்டு வாசலை மிதித்திருப்பாள்?

நம் குறை எங்கே?

நிக்காஹ் மஜ்லிஸில் மஹர் என்று வாசிக்கப்படும் தொகை பல ஊர்களில் வெறும் அடையாளத் தொகை. பெண் வீட்டார் தரும் கைக்கூலியும் சீரும் நகையுமோ அதைப் போல் பன்மடங்கு. அல்லாஹ் ஆணின் மீது வைத்த சுமையை நாம் பெண்ணைப் பெற்றவர் தலைக்கு மாற்றிவிட்டோம். தலாக் நேரும்போது, மஹரைக் கொடுத்துவிட்டதாகக் கணவன் கணக்கு முடிக்கிறான். ஒரு வாரச் சந்தைச் செலவுக்கும் காணாத அத்தொகையோடு, குழந்தையை இடுப்பில் ஏந்தி அவள் வாப்பா வீட்டுப் படியேறுகிறாள். வாப்பா உயிரோடிருந்தால் அது அவளது பாக்கியம்.

சிலர் கேட்கலாம்: "வசதியில்லாதவன் என்ன செய்வான்?" அவனால் இயன்றதைக் கொடுக்கட்டும். அல்லாஹ் எவரையும் அவர் பெற்றிருப்பதற்கு மேல் சிரமப்படுத்துவதில்லை என்னும் கருத்து 65:7ல் உள்ளது. ஆனால் இரண்டாம் கல்யாணத்துக்குப் பணம் வைத்திருப்பவன், முதல் மனைவியின் மதாஉவுக்கு ஏழையாகிவிட முடியாது.

இன்னும் சிலர், "ஜமாஅத்தை விட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போனாளே!" என்று அந்தப் பெண்ணைத் தூற்றுவர். தன் கணவரைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து வாதிட்ட பெண்மணியின் குரலை அல்லாஹ் செவியேற்றான் என்பதைக் கொண்டே 58ஆவது அத்தியாயம் தொடங்குகின்றது. அந்தச் சூராவுக்கு 'முஜாதலா' என்று பெயர் வந்ததும் அதனால்தான். படைத்தவன் கேட்ட முறையீட்டைப் பள்ளிவாசல் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர் கேட்க மறுத்தால், அவள் வேறு கதவைத் தட்டுவது குற்றமா? நம் கதவைச் சாத்தியவர்கள் அதற்குப் பதில் சொல்லட்டும்.

ஜமாஅத்தார் செய்யவேண்டியவை

1. நிக்காஹ் தஃப்தரில் மஹரை நகையாகவோ ரொக்கமாகவோ, மாப்பிள்ளையின் வசதிக்கேற்ற கண்ணியமான அளவில் எழுதுவது. கைக்கூலி வாங்கும் மஜ்லிஸுக்கு தஃப்தரை அனுப்ப மறுப்பது.

2. பிணக்கு என்று செய்தி வந்தவுடன், 4:35ன் போதனைப்படி இரு குடும்பத்திலிருந்தும் நடுவர் ஒருவரை அமர்த்துவது. தலாக் நிகழ்ந்துவிட்ட பிறகு தாள் எழுதிக் கொடுப்பது மட்டுமே நம் வேலை என்றிராதிருப்பது.

3. தலாக் நேர்ந்தேவிட்டால், இத்தா முடிவதற்குள் மஹர் பாக்கி, மதாஉ, பெண் வீட்டுப் பொருள்கள், பிள்ளைகளின் செலவு ஆகிய நான்கையும் ஆலிம் ஒருவர் முன்னிலையில் கணக்கிட்டு, எழுத்தில் கொண்டுவந்து, கொடுக்கச் செய்வது. பிள்ளைகளின் செலவு தகப்பன் கடமை என்பதை அவனுக்கு உரைப்பது.

4. தாங்குவார் இல்லாத பெண்ணுக்கு வக்ஃபு வாரியத்தை அணுகும் வழியைச் சொல்லிக் கொடுத்து, மனு எழுத உதவுவது.

வீட்டாருக்கு

சகோதரிகளே! உங்கள் மகனுக்குப் பெண் பார்க்கும்போதே இதை எண்ணிப் பாருங்கள். மருமகளின் நகையை உங்கள் அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள், அது அவளுடையது. அண்டை வீட்டில் தலாக் நேர்ந்தால், "என்ன தப்புச் செய்தாளோ?" என்று பேசாதீர்கள். அத்தகைய ஊகத்தையும் புறம் பேசுதலையும் 49:12 தடுத்திருக்கின்றது. சகோதரர்களே! அடுத்த முறை பத்திரிகையில் இப்படியொரு செய்தி வந்தால், அபிப்பிராயம் சொல்லுமுன் உங்கள் மஹல்லாவில் கடைசியாகத் தலாக் பெற்ற பெண் யார், அவளுக்கு மதாஉ கொடுக்கப்பட்டதா என்று விசாரியுங்கள். இல்லையென்று பதில் வந்தால், அன்று மாலையே ஜமாஅத்தாரைச் சந்தியுங்கள். ஷரீஅத்தைப் பாதுகாக்க நம் ஒவ்வொருவராலும் ஆகக்கூடிய வேலை அதுவே.

நம் சொல்லையும் செயலையும் ஒன்றாக்கி, பலவீனர்களின் உரிமையை அவர்கள் கேட்குமுன்னரே கொடுத்துவிடும் நல்லடியார்களாக நம் அனைவரையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.