மார்ச் மாதக் கடலில் மீனுக்குப் பசியில்லை

கேள்வி: ஐயா, நான் நியூஜெர்ஸி எடிசனில் இருக்கிறேன். பிறந்தது குளச்சல் பக்கம். தூண்டில் எனக்குப் புதிதல்ல. மார்ச் கடைசி ஞாயிறு விடியுமுன்பே கீபோர்ட் கரைக்குப் போய், இறாலைக் கோத்து, முடிந்த மட்டும் தூரமாக ராரிடன் விரிகுடாவில் வீசினேன். பத்து மணி வரை ஒரு மீன்கூட இரையைத் தொடவில்லை. ‘ஸ்ட்ரைப்பர் வந்தாச்சு’ என்று இரை விற்கும் கடைக்காரர் சொன்னது பொய்யா?

பதில்: பொய்யில்லை. மீன் அங்கேதான் இருந்திருக்கும், பசிதான் இருந்திருக்காது. ஸ்ட்ரைப்பர் என்கிற ஸ்ட்ரைப்ட் பாஸ் மீனுக்குத் தண்ணீரின் குளிர்தான் உடம்பின் குளிர். நீர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டை (10 செல்சியஸ்) நெருங்கும்வரை அதற்குச் செரிமானமும் மந்தம், ஓட்டமும் மந்தம். மார்ச் கடைசியில் இந்த விரிகுடா பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கும்.

ஊரில் விடியற்காலை என்பது தூண்டில்காரனுக்குப் பொன்னான நேரம். இங்கே மார்ச்சில் அந்தக் கணக்கு எடுபடாது. இரவெல்லாம் ஆறிய நீர் விடியும்போதுதான் ஆகக் குளிர்ந்து கிடக்கும். நானாக இருந்தால் அன்று நிம்மதியாகத் தூங்கி, மதியம் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பியிருப்பேன். ஆழமில்லாத கருஞ்சேற்றுத் தரைதான் வெயிலில் முதலில் சூடேறும். மதியத்துக்கு மேல் வற்றம் வரும் நாளாகப் பார்த்துப் போனால், அந்தச் சூடு ஓடைகளின் வாய் வழியே வெளியே வரும். மீனும் அங்கே வந்து நிற்கும். ஆகவே நீங்கள் தூரமாக வீசியதும் வீண். மீன் உங்கள் காலடிக்குப் பக்கத்தில் இருந்திருக்கலாம்.

காற்றையும் பாருங்கள். வடமேற்குக் காற்று பலமாக அடித்தால் விரிகுடா நீரை வெளியே தள்ளிவிடும். ஏற்றவற்ற அட்டவணை சொல்வதைவிட நீர்மட்டம் இறங்கி, கரையோரம் வெறும் சேறாகக் கிடக்கும். சாண்டி ஹூக் நிலையத்தின் நீர் வெப்பநிலையை அமெரிக்கக் கடல், வானிலை அமைப்பான நோவா தினமும் வெளியிடுகிறது. கடிகாரத்தைவிட அதை நம்பிக் கிளம்புங்கள்.

இறாலைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பருவத்துக்கு ‘பிளட்வோர்ம்’ என்கிற கடற்புழுதான் இரை. பெரும்பாலும் மெய்ன் மாநிலச் சேற்றில் தோண்டி எடுத்து வருவது. விலை கடிக்கும், புழுவும் கடிக்கும்! கையில் எடுத்ததும் தலைப்பக்கத்திலிருந்து சட்டென்று ஒரு குழாயை வெளியே தள்ளும்; நுனியில் நான்கு கறுப்புப் பற்கள், அவற்றில் விஷமும் உண்டு. பட்டால் தேனீ கொட்டினாற்போல் எரியும். தலைக்குச் சற்றுக் கீழே அழுத்திப் பிடித்துக் கோத்துவிட்டு, ஈயம் தரையில் படிந்ததும் அசைக்காமல் விடுங்கள். குளிரில் கிடக்கும் மீன் ஓடுகிற இரையைத் துரத்தாது. வாசம் பிடித்து மெல்ல வரும்.

ஏப்ரலில் நீர் சூடேறி, மத்திக்கு உறவான பங்கர் கூட்டம் உள்ளே வந்துவிட்டால் பெரிய மீன்களும் பின்தொடரும். அப்போது விடியற்காலையிலேயே போங்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். இப்போதைய விதிப்படி 28 அங்குலத்துக்குக் குறையாமல், 31 அங்குலத்தை எட்டாமல் இருக்கும் மீனைத்தான் வைத்துக்கொள்ளலாம். அதுவும் ஆளுக்கு நாளைக்கு ஒன்று. இரை கோத்துப் பிடிப்பவர்களுக்கு வட்டக் கொக்கி கட்டாயம். கடல் தூண்டிலுக்கான மாநிலப் பதிவு இலவசம்தான், ஆனால் ஆண்டுதோறும் செய்ய வேண்டும். இந்த ஆண்டுக்கு இன்னும் செய்யவில்லையென்றால், புழு வாங்கப் போகுமுன் அதை முடித்துவிடுங்கள்.