கைக்கெட்டும் நூல்

இல்லத்தில் நூல்கள் இருத்தல் வேறு. அவை வாசிக்கப்படுதல் வேறு. பழுகாமத்திலும் அயலிலுள்ள படுவான்கரைக் கிராமங்களிலும் கற்றோர் வீடுகள் பலவற்றிலே கண்ணாடி பொருத்திய அலுமாரி ஒன்று நிற்கும். நூல்கள் அதனுள் முதுகு காட்டி அணிவகுத்திருக்கும். திறப்போ வீட்டுத் தலைவரிடம் இருக்கும். சரசுவதி பூசைக்கு அலுமாரி திறக்கப்படும். பூசை முடிந்ததும் பூட்டப்படும். அவ்வீட்டுப் பிள்ளை வகுப்பிலே பாடநூலுக்குப் புறம்பான ஒரு பந்தியை வாசிக்கத் தடுமாறுவது கண்டு நாம் வியப்பதற்கில்லை.

நூலைப் பூட்டுவோரின் அச்சம் வீணானதன்று. வாவியின் ஈரமும் கறையானும் இராமபாணமும் நம் நாட்டு நூல்களுக்குப் பெரும்பகை. 1978 நவம்பரில் வீசிய சூறாவளி மட்டக்களப்பிற் கூரைகளைப் பறித்தது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. இவற்றைக் கண்டும் கேட்டும் வளர்ந்தோர் நூலை ஒளித்து வைப்பது இயல்பே.

ஆயினும் நம் முன்னோரின் ஏடுகள் எவ்வாறு எஞ்சின என்பதை எண்ணுதல் வேண்டும். ஓலை என்றும் நிலைப்பதன்று. பழுதுறுமுன் அதனைப் பார்த்து வேறோர் ஓலையில் எழுதுதல் வேண்டும். திரௌபதை அம்மன் கோயில்களிற் பாரதமும், வைகாசித் திங்களிற் கண்ணகி கோயில்களிற் வழக்குரையும் ஆண்டுதோறும் படிக்கப்பட்டன. ஆதலின் அவ்வேடுகள் மீண்டும் மீண்டும் எழுதப்பட்டன. எவரும் எடுத்துப் படியாத ஏட்டின் சிதைவை அறிந்தவர் யார்? பயன்பாடே அன்று பாதுகாப்பாயிற்று.

சீர்காழியிற் பிறந்து, 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகிய இரங்கநாதன், 1931 இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் நூலின் பயன்பாட்டையே முதலாவதாக வைத்தார். முற்காலத்தில் ஐரோப்பியர் நூல்களைச் சங்கிலியால் இறாக்கையோடு பிணைத்திருந்தனர். இங்கிலாந்தில் எரிபோர்ட் தேவாலயத்தில் அச்சங்கிலிகளை இன்றுங் காணலாம். நம் அலுமாரித் திறப்பும் அச்சங்கிலிக்கு உறவினதே. சங்கிலியிட்ட நூலையாவது நின்ற இடத்திலே வாசிக்கலாம்!

இனி, வீட்டில் நூல் வைக்கும் முறையைக் கூறுவாம். மனிதர் சும்மா இருக்கும் இடமே நூலுக்கு உரிய இடம். விறாந்தைச் சாய்மனைக் கதிரையருகே ஒரு சிறுகதைத் தொகுதி கிடக்கட்டும். குசினியில் உலை கொதிக்கும்வரை வாசித்து முடிக்கத்தக்க சிறு கட்டுரைகள் இருக்கட்டும். நீண்ட நாவல் அங்கே உதவாது. கைபேசிக்கு மின்னேற்றும் மேசையிலும் ஒரு நூல் வேண்டும். நம் கை நாள்தோறும் பலமுறை நாடும் இடம் அதுவன்றோ? ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதன் தோளுயரத்துக்கு மேற்படாத கதவற்ற இறாக்கை போதும். ஆனால் அட்டைப்படம் முன்னோக்கித் தெரிய வைத்தல் வேண்டும். எழுத்தறியாக் குழந்தை முதுகைப் பார்த்து நூலைத் தெரியாது. படுக்கையருகே வைக்கும் நூலுக்கு விளக்கும் அருகிருத்தல் இன்றியமையாதது.

வெளியே வைப்பவை பத்துக்கு மேற்படவேண்டா. பதினைந்து நாட்களுக்கொருமுறை அவற்றை மாற்றுக. நாட்கணக்கில் ஒரே இடத்திற் கிடக்கும் நூல் கண்ணுக்குத் தெரியாத பொருளாகிவிடும். மாரியில் இறாக்கையைச் சுவரினின்றும் இரண்டு விரற்கடை தள்ளி வைத்தால் ஈரம் ஏறாது. நாள்தோறும் புரட்டப்படும் நூலிற் பூச்சியும் எளிதிற் குடியேறாது. அரிய பதிப்புகளை மட்டும் உள்ளே வைக்கலாம். அவற்றையும் வெயில் கண்ட நாளில் வெளியே எடுத்து விரித்து, காற்றாட விடுக.

வெளிநாடுகளில் வாழும் நம் பழைய மாணவர்களிற் சிலர் ஊர்ப் பாடசாலைகளுக்கு அலுமாரி அன்பளிப்புச் செய்ய விழைகின்றனர். அன்பர்களே, அடுத்தமுறை தச்சரிடம் கூறும்போது கதவும் பூட்டும் இல்லாமற் செய்விக்குமாறு கூறுங்கள். உயரம் மூன்றடி போதும்.