தாய்ப்பாலும் மார்பகப் புற்றுநோயும்

“மூன்று பிள்ளைகளுக்கும் பாலூட்டியவள் நான், எனக்கு அந்த நோய் வராது” என்று சொல்லும் பெண்களை நாம் அறிவோம். அந்த நம்பிக்கையில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை.

30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த முடிவுகள் 2002-ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியாயின. நோய் கண்ட ஏறத்தாழ 50,000 பெண்களும் நோயற்ற ஏறத்தாழ 97,000 பெண்களும் அவற்றில் அடங்குவர். பாலூட்டிய ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் அபாயம் 4.3 விழுக்காடு குறைவதாகத் தெரியவந்தது. ஒவ்வொரு பிள்ளைப்பேற்றுக்கும் உரிய 7 விழுக்காட்டுக் குறைவு இதற்குப் புறம்பானது. வட்டிக் கணக்கைப் போலவே, விழுக்காடு எதன்மீது என்பதை இங்கும் நாம் பார்க்க வேண்டும். ஏற்கெனவே உள்ள அபாயத்தில்தான் 4.3 விழுக்காடு கழிகிறது. எல்லாக் குழந்தைகளுக்கும் ஊட்டிய மாதங்கள் கூட்டிக் கணக்கிடப்படுவதால், ஆண்டுகள் சேரச் சேரப் பயனும் சேர்கிறது.

பாலூட்டும்போது மார்பகச் செல்கள் முதிர்ச்சி பெறுகின்றன. மாதவிடாய் தள்ளிப்போவதால் ஈஸ்ட்ரோஜன் சுரப்பும் குறைந்திருக்கிறது. இவையே காரணங்களாகக் கருதப்படுகின்றன.

பாலூட்ட இயலாத தாய்மார், நோயைத் தாமே வருவித்துக்கொண்டதாக எண்ண வேண்டியதில்லை. வயது, குடும்ப வரலாறு ஆகியவற்றின் பங்கு இதனினும் பெரிது.

நாம் அஞ்சுவது வேறொன்றை. பாலூட்டும் நாள்களில் தோன்றும் கட்டியைப் பால்கட்டு என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது பால்கட்டாகவே இருக்கும் என்பதும் மெய்தான். ஆயினும் ஓரிரு வாரங்களில் கரையாத கட்டியை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். அல்ட்ராசவுண்ட் பரிசோதனைக்காகப் பாலூட்டுவதை நிறுத்தத் தேவையில்லை.