மின்தாள் வாசிப்பான் நீடித்து உழைக்க...

கிண்டில் போன்ற வாசிப்பான்களின் மின்தாள் திரை, செல்போன் திரை மாதிரி தானாக ஒளிர்வதில்லை. தலைமுடி அளவே பருமனுள்ள நுண்குமிழ்களுக்குள் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மிதக்கின்றன. மின்னழுத்தத்துக்கு ஏற்ப ஏதாவது ஒரு நிறம் மேலே வருகிறது. அதுவே நமக்கு எழுத்து. 2004-இல் சோனியின் லிப்ரியே, 2007-இல் கிண்டில் என வளர்ந்த இந்த நுட்பத்தின் இயல்பறிந்து பயன்படுத்தினால் கருவி பல ஆண்டுகள் உழைக்கும்.

1. பெரும்பாலான கருவிகளில் திரைக்கு அடியில் மெல்லிய கண்ணாடி இருக்கும். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டிலோடு பைக்குள் திணிக்காதீர்கள். கெட்டியான உறை அவசியம்.

2. பக்கம் மாறும்போதுதான் திரைக்கு மின்சாரம் தேவை. அணைத்த பிறகும் படம் தெரிகிறதே, சார்ஜ் இறங்குமே என்று கவலைப்பட வேண்டாம். சார்ஜைத் தின்பவை வைஃபையும் கருவியிலுள்ள விளக்கும்தான். புத்தகம் இறங்கியதும் வைஃபையை அணைத்துவிடுங்கள்.

3. முந்தைய பக்கத்தின் எழுத்து மங்கலாக நிழலாடினால் பழுது என்று நினைக்காதீர்கள். அமைப்புகளில் 'பேஜ் ரெஃப்ரெஷ்' வசதி இருந்தால் அதை இயக்குங்கள். திரை ஒருமுறை கறுத்து வெளுத்து, நிழல் மறையும்.

4. பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் விளக்கே தேவையில்லை. வெயிலிலும் எழுத்து பளிச்செனத் தெரியும். இரவில் விளக்கைக் குறைத்து வையுங்கள். மஞ்சள் ஒளி வசதி இருந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

5. உலர்ந்த மென்துணியால் மட்டும் துடையுங்கள். கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே வேண்டாம்.

6. வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். சூடு பேட்டரியைக் கெடுக்கும். மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பாதிக்குமேல் சார்ஜ் ஏற்றி வையுங்கள்.

7. ஏ4 பக்க பிடிஎஃப், 6 அங்குலத் திரையில் பொடியெழுத்தாகிவிடும். ஈபப் கோப்பாக இருந்தால் எழுத்தைப் பெரிதாக்கலாம், வரிகள் தாமாக மடங்கிக்கொள்ளும். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய மின்னூல் தொகுப்பில் தமிழ் இலக்கியங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

8. புதிதாக வாங்கும்போது அங்குலத்துக்கு 300 புள்ளிகள் உள்ள திரையாகப் பாருங்கள். புள்ளியும் சுழியும் தெளிவாகத் தெரியும்.

9. பழைய கருவியைப் பரணில் போடாதீர்கள். உங்கள் கணக்கை நீக்கி, எழுத்தைப் பெரிதாக்கி, அச்சுப் புத்தகம் படிக்கச் சிரமப்படும் வீட்டுப் பெரியவரிடம் கொடுங்கள். விட்டுப்போன வாசிப்பை அவர் மறுபடி தொடரலாம்.